இரண்டாவது ரவுண்டிலேயே கை இறங்கிவிடுகிறது: குத்துச்சண்டை புதிதாகப் பழகுபவர் எங்கிருந்து தொடங்குவது?

புதுக்கையுறை

எல்லோருக்கும் வணக்கம். வயது 31. குத்துச்சண்டை வகுப்பில் சேர்ந்து சில வாரங்கள்தான் ஆகின்றன. அதற்கு முன் அவ்வப்போது ஓடுவேன், வீட்டில் புஷ் அப் எடுப்பேன். ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடியும். வேகம் பெரிதாக இல்லை.

பையில் அடிக்க நின்றால் முதல் ரவுண்ட் முடிவதற்குள் தோள்பட்டை எரிய ஆரம்பிக்கிறது. இரண்டாவது ரவுண்டில் கை தாடையை விட்டு மார்புக்கு இறங்கிவிடுகிறது. மூன்றாவதில் அடிப்பதைவிடப் பையைக் கட்டிப்பிடித்து நிற்கும் நேரம்தான் அதிகம். எனக்குப் பக்கத்துப் பையில் என்னைவிட வயதில் நிறையவே மூத்தவர் ஒருவர், கொஞ்சம் தொப்பையும் உண்டு. ஆறு ரவுண்ட் அடித்துவிட்டுச் சாதாரணமாகப் பேசிக்கொண்டே கைப்பட்டையை அவிழ்க்கிறார்.

ஓட்டத்தைக் கூட்டினால் சரியாகுமா? கையில் சின்ன டம்பெல் பிடித்து ஷேடோ பாக்ஸிங் (எதிரில் ஆளோ பையோ இல்லாமல் காற்றில் குத்துவது) செய்தால் தோள் பழகும் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா? வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி போதும்? ஸ்பாரிங் (இன்னொருவரோடு பயிற்சிச் சண்டை) எப்போது கேட்கலாம்?

போட்டிக்குப் போகும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும், ஒரு நாள் ஒழுங்காக மூன்று ரவுண்ட் ஸ்பாரிங் செய்ய வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

எடைத்தூக்கி

மெதுவாக நீண்ட நேரம் ஓடுவதால் உங்களுக்குக் கிடைக்கப்போவது நீண்ட நேரம் மெதுவாக ஓடும் திறமை மட்டும்தான். குத்துச்சண்டை வெடிப்புச் சக்தி கேட்கிற விளையாட்டு. 30 விநாடி முழு வேகத்தில் பையில் அடியுங்கள், 30 விநாடி ஓய்வு, இப்படிப் பத்துத் தடவை. கூடவே பர்பி (புஷ் அப் நிலைக்குப் போய் எழுந்து குதிப்பது), ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), மெடிசின் பால் என்ற கனமான பந்தை எறிதல். வாரம் நான்கு நாள் செய்தால் இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும்.

மூலைநாற்காலி

தம்பி, எடைத்தூக்கி சொன்னதை இன்றைக்கே ஆரம்பித்துவிடாதீர்கள். அதற்கு ஒரு இடம் இருக்கிறது, ஆனால் அது முதல் இடம் இல்லை. புதியவர்களுக்குப் பல வருடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் ஓடுகிற ஆளுக்கு மூன்று நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது என்றால் நுரையீரல் மேல் பழி போடக் கூடாது. சக்தி வேறு எங்கோ ஒழுகுகிறது.

ஒரு சோதனை சொல்கிறேன். பையை விட்டுத் தள்ளி நில்லுங்கள். விரல்களை மூடாமல், உள்ளங்கை தளர்வாக, பாதி வேகத்தில் மூன்று நிமிடம் ஷேடோ பாக்ஸிங் செய்யுங்கள். தோள்கள் காதுப் பக்கம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுலபமாக முடிகிறதா? அப்புறம் அதே மூன்று நிமிடத்தைப் பையில் செய்யும்போது உடம்பில் எது மாறுகிறது என்று கவனியுங்கள். முதல் விநாடியிலிருந்தே முஷ்டி இறுகியிருக்கும். பல்லைக் கடித்திருப்பீர்கள். புருவம்கூடச் சுருங்கியிருக்கும். அடிக்காமல் நிற்கிற நேரத்திலும் தோள், கழுத்து, முன்கை மூன்றும் வேலை செய்துகொண்டே இருக்கும். களைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

முஷ்டி இறுக வேண்டியது பையைத் தொடும் அந்தக் கணத்தில் மட்டும். போகும்போது தளர்வு, படும்போது இறுக்கம், திரும்பும்போது மறுபடி தளர்வு. ஈரத் துண்டை உதறுகிறோமே, அந்த மாதிரி. அடித்த கை போன வழியிலேயே தாடைக்குத் திரும்ப வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் குத்தைப் பையில் ஒரு கணம் விட்டுவிட்டு, அப்புறம் கையைக் கீழ்ப்பக்கமாக வளைத்து இழுப்பார்கள். இறங்கிய கையை ஒவ்வொரு முறையும் தோள் தூக்கி மேலே கொண்டுவர வேண்டியிருக்கிறது. ஒரு ரவுண்டில் எத்தனை குத்து விடுகிறீர்களோ அத்தனை தடவை இந்தத் தேவையில்லாத தூக்கல்.

மூச்சு அடுத்தது. நான்கு குத்துச் சேர்க்கை, அதாவது நான்கு குத்தை அடுத்தடுத்து, விடும்போது புதியவர் அநேகமாக நான்குக்கும் சேர்த்து மூச்சைப் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு குத்துக்கும் பல்லிடுக்கிலோ மூக்கிலோ 'ஸ்' என்று சின்னதாக வெளிமூச்சு விட வேண்டும். முழு மூச்சையும் கொட்ட வேண்டாம், துளித்துளியாக. உள்மூச்சு தானாக வந்துவிடும்.

பெரிய ஆட்களுக்கும் இதே கதைதான். 1974-இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மன் முகமது அலியை அடித்த அடி கொஞ்சமா? அலி கயிற்றில் சாய்ந்துகொண்டு கையால் மூடிக்கொண்டார், ஃபோர்மன் ரவுண்டுக்கு ரவுண்டு முழுப் பலத்தோடு வீசிக்கொண்டே இருந்தார். எட்டாவது ரவுண்டில் கையைத் தூக்கவே முடியாத நிலையில் இருந்த அவரை அலி வீழ்த்தினார். உலகச் சாம்பியனின் உடல்தகுதியையே எட்டு ரவுண்டுக்குள் கரைத்துவிடும் விஷயம் இது.

உங்கள் பக்கத்துப் பையில் அடிக்கிறாரே, அந்தப் பெரியவர், அவரைப் போய் நன்றாகப் பாருங்கள். குத்து விடாத நேரத்தில் அவர் தோள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

எடைத்தூக்கி

ஐயா, மரியாதையோடு ஒன்று சொல்கிறேன். அவர் கேட்டது உடல்தகுதி பற்றி. நீங்கள் சொல்வது நுட்பம். களைத்துப்போன உடம்பில் நுட்பம் நிற்பதில்லை. முதல் ரவுண்டில் அழகாகத் தெரியும் ஜாப் (முன்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து) மூன்றாவது ரவுண்டில் கலைந்துபோவதை நீங்களே ஆயிரம் தடவை பார்த்திருப்பீர்கள். அதனால் தகுதிதான் அடித்தளம்.

மூலைநாற்காலி

அதில் எனக்கு மறுப்பு இல்லை. வரிசையில்தான் வேறுபடுகிறேன். இறுக்கத்தோடு அடிக்கிறவரை 30 விநாடி முழு வேகத்தில் பத்துத் தடவை அடிக்க விட்டால், இறுக்கத்தைத்தான் பத்துத் தடவை பழகுவார். களைத்த நிலையில் திரும்பத் திரும்பச் செய்வது உடம்பில் ஊறிவிடும். பிறகு அதை எடுக்க நான்தான் மல்லுக்கட்ட வேண்டும். முதல் இரண்டு மூன்று மாதம் மூச்சை ஓட்டத்திலும் கயிற்றிலும் ஏற்றட்டும், பையில் நிதானமாக அடிக்கட்டும்.

மூன்றாம்சுற்று

நான் அமெச்சூர் போட்டிகளில் ஆடியவள். இந்த விவாதத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சரி. ஆனால் ஓட்டத்தை ஒரே வரியில் தள்ளிவிட்டீர்களே எடைத்தூக்கி, அங்கேதான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

உடம்பு சக்தி எடுக்கும் விதத்தைப் பாருங்கள். நான்கைந்து விநாடி வேகமான சேர்க்கைக்குத் தசையிலேயே தயாராக இருக்கும் சேமிப்பு போதும். அது பத்து விநாடிக்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு மேலும் முழு வேகத்தில் இழுத்தால் ஆக்சிஜன் இல்லாத வழியில் சர்க்கரையை எரிக்க வேண்டும். அந்த வழியில் நீண்ட நேரம் போக முடியாது, எரிச்சலும் கை கனப்பதும் அப்போதுதான். தீர்ந்துபோன அந்தச் சேமிப்பைத் திரும்ப நிரப்புவது எது? ஆக்சிஜனோடு நடக்கும் மெதுவான எரிப்பு. அதாவது சேர்க்கைக்கும் சேர்க்கைக்கும் நடுவில் நகர்கிற அந்தச் சில விநாடிகளிலும், ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்திலும் உங்களைக் காப்பாற்றுவது மெதுவோட்டம் வளர்த்த இதயம்தான். வெடிப்பு முக்கியம், அந்த வெடிப்பை மறுபடி மறுபடி செய்ய முடிவது அதைவிட முக்கியம்.

அதனால் என் யோசனை: வாரம் இரண்டு அல்லது மூன்று தடவை, 30 முதல் 40 நிமிடம், முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள். பேச்சு துண்டு துண்டாக வருகிறது என்றால் வேகத்தைக் குறையுங்கள், கூச்சப்படாமல் நடங்கள். புதியவர்கள் எல்லோரும் இந்த ஓட்டத்தை வேகமாக ஓடிவிடுவார்கள், அப்புறம் மறுநாள் வகுப்புக்குக் கால் செத்துப்போய் வரும். வேகமும் ஓய்வும் மாறி மாறி வரும் கடினமான இடைவெளிப் பயிற்சி வாரம் ஒன்று போதும். அதுவும் ஒரு மாதம் மெதுவோட்டம் பழகிய பிறகு. மேட்டில் ஏறி ஓடுவது நல்லது, பாதம் தரையில் மோதும் அடி சமதரையைவிடக் குறைவு. ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் நடந்து இறங்குவது, ஐந்தாறு தடவை.

முன்னேற்றத்தை அளக்க வழி: ரவுண்ட் முடிந்ததும் பத்து விநாடி நாடித்துடிப்பை எண்ணுங்கள், ஒரு நிமிட ஓய்வு முடியும்போது மறுபடி பத்து விநாடி எண்ணுங்கள். இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் வாரங்கள் போகப்போக அதிகமானால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். ரவுண்டில் எவ்வளவு ஏறுகிறது என்பதைவிட ஓய்வில் எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் உண்மையைச் சொன்னது.

ரவுண்ட் நீளம் எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதல் தடவை சேர்ந்தபோது எங்களுக்கு நான்கு ரவுண்ட், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம். டோக்கியோ வந்தபோது ஆண்களைப் போலவே மூன்று ரவுண்ட், மூன்று மூன்று நிமிடம். மொத்தக் கணக்கில் ஒரு நிமிடம்தான் கூடுதல். ஆனால் அந்த மூன்றாவது நிமிடம் தனி உலகம். இரண்டு நிமிடம் மூச்சைப் பிடித்துத் தாண்டிவிடலாம், மூன்று நிமிடத்தை அப்படித் தாண்ட முடியாது. புதுக்கையுறை, நீங்களும் முதலில் இரண்டு நிமிட ரவுண்டில் தொடங்கி, வடிவம் கலையாமல் நிற்கும்போது மூன்றாக்குங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

இடதுகைக்காரன்

கயிறு தாண்டுவது பற்றி யாரும் சொல்லவில்லையே. எனக்குக் காலடி வந்ததே கயிற்றால்தான். தனியாக ஒரு கேள்வியும் உண்டு: வியர்வை கொட்டுகிற பிளாஸ்டிக் மேலாடை போட்டுக்கொண்டு கயிறு தாண்டினால் எடை சீக்கிரம் இறங்குமா?

மூன்றாம்சுற்று

அந்த ஆடையைத் தூக்கிப் போடுங்கள். இறங்குவது தண்ணீர், குடித்ததும் திரும்பிவிடும். உடம்புச் சூடு கட்டுக்கு மீறினால் உயிருக்கே ஆபத்து, சும்மா சொல்லவில்லை. எடைப்பிரிவுக்காகச் செய்கிறவர்களுக்கே அது ஆபத்து, போட்டிக்குப் போகாதவருக்கு அதில் ஒரு பலனும் இல்லை.

கயிறு நல்ல விஷயம். எலும்பும்நரம்பும் இங்கே எழுதுவார் என்று நினைக்கிறேன், காலைப் பற்றி அவர் சொல்லட்டும்.

எலும்பும்நரம்பும்

சொல்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். குத்துச்சண்டை வீரர்களின் கையையும் காலையும் அன்றாடம் பார்க்கிறேன். இங்கே எல்லோரும் மூச்சைப் பற்றிப் பேசுகிறீர்கள், புதியவரை வீட்டில் உட்கார வைப்பது பெரும்பாலும் மூச்சு இல்லை. மணிக்கட்டு, விரல் எலும்பு, முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு, தோள்.

காரணம் எளிது. இதயமும் நுரையீரலும் சில வாரத்தில் முன்னேற்றம் காட்டிவிடும். தசையும் ஓரளவு சீக்கிரம் வளரும். தசைநாணும் எலும்பும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு தாங்குகிறதே என்று அடியைக் கூட்டிக்கொண்டே போனால், பழகாத மணிக்கட்டு அந்த வித்தியாசத்துக்கு விலை கொடுக்கும். ஓட்டம் தெரிந்த உங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், ஏனென்றால் உடம்பு நிறுத்தச் சொல்லும் முன் நிறைய அடித்துவிடுவீர்கள்.

முதலில் கை. குத்து படவேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முட்டியிலும். இந்த இரண்டு விரலுக்குப் பின்னால் உள்ளங்கையில் போகும் எலும்புகள் மணிக்கட்டோடு உறுதியாகப் பூட்டியவை. சுண்டுவிரல் பக்கத்து எலும்பு அப்படியில்லை, அசையும். ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து விடும் குத்து) விடும்போது கை கொஞ்சம் திரும்பி அந்தப் பக்கம் பட்டால் முட்டிக்குக் கீழே அந்த எலும்பின் கழுத்து முறியும். இந்த முறிவுக்கே குத்துச்சண்டைக்காரர் முறிவு என்றுதான் பெயர், ஆனால் முறையாகப் பழகியவர்களைவிடக் கோபத்தில் சுவரில் குத்தியவர்களிடம்தான் அதை அதிகம் பார்க்கிறோம்.

கைப்பட்டை 4.5 மீட்டர் நீளத்தில் வாங்குங்கள். குட்டையான பட்டை வளர்ந்தவர்களின் கைக்குப் போதாது. கட்டும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் வெறுமனே சுற்றிக்கொள்கிறார்கள். விரல்களை நன்றாக விரித்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலில் வளையத்தை மாட்டி, பட்டையைப் புறங்கை வழியாக மணிக்கட்டுக்குக் கொண்டுவந்து மூன்று சுற்று. பிறகு புறங்கை வழியாக மேலே ஏறி முட்டிகளின் மேல் மூன்று சுற்று. மறுபடி மணிக்கட்டுக்கு இறங்கி, விரலிடுக்குகள் மூன்றிலும் ஒவ்வொரு தடவை நுழைத்து வாருங்கள். கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டிவிட்டு, மீதியை முட்டிக்கும் மணிக்கட்டுக்கும் குறுக்காகப் போட்டு மணிக்கட்டில் முடியுங்கள். இப்போது முஷ்டி பிடியுங்கள். முஷ்டி மூடும்போது பட்டை இறுக வேண்டும், விரிக்கும்போது தளர வேண்டும். விரிக்கும்போதே விரல் நுனி மரத்துப்போனால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். விரல்களை மூடி வைத்துக்கொண்டு கட்டினால் முஷ்டி பிடித்ததும் கை நசுங்கும், அதனால்தான் விரிக்கச் சொன்னேன்.

பைக்குப் பெரும்பாலோருக்கு 12 அல்லது 14 அவுன்ஸ் கையுறை. எடை கூடியவர்கள் 16 எடுக்கலாம். ஒரு அவுன்ஸ் என்பது 28 கிராம் சொச்சம்.

டம்பெல் பிடித்து ஷேடோ பாக்ஸிங் வேண்டாம். குத்து போவது முன்னால், டம்பெல்லின் எடை இழுப்பது கீழே. தோளின் முன்பக்கம் மட்டும் எடையைத் தாங்கிக்கொண்டே இருக்கும், கையோ குத்தின் வடிவத்தை மறக்கும். வேகமாக விட்டால் கடைசியில் முழங்கை வெடுக்கென்று பூட்டிக்கொள்ளும், அந்த இடத்தில் வலி வந்தால் லேசில் போகாது. தோள் தாங்கவேண்டும் என்றால் எதிர்ப்பக்கத் தசையை வளருங்கள். ரப்பர் பட்டையைப் பிடித்து முகத்தை நோக்கி இழுப்பது, ரோ (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), புல் அப். குத்துச்சண்டையில் நாள் முழுக்கத் தோளை முன்னால் உருட்டி நிற்கிறோம், பின்பக்கம் பலவீனமாக இருந்தால் அதுதான் முதலில் வலிக்கும்.

கயிறு: பாதம் தரையிலிருந்து கயிறு நுழையும் அளவுக்கு எழும்பினால் போதும், இரண்டு மூன்று சென்டிமீட்டர். முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும். சுற்றுவது மணிக்கட்டு, தோள் இல்லை. சிமெண்ட் தரையைத் தவிர்த்து மரத்தரை அல்லது ரப்பர் விரிப்பில் தாண்டுங்கள். ஒரு நிமிடம் தாண்டல், ஒரு நிமிடம் ஓய்வு, ஐந்து தடவையில் தொடங்குங்கள். கெண்டைக்காலும் குதிகால் நாணும் ஓட்டத்தில் படும் சுமையும் இதுவும் ஒன்றில்லை, எனவே ஓட்டமும் கயிறும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஏதாவது ஒன்று.

முன்காலெலும்பில் வலி வந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பு நெடுகப் பரவலாக வலித்தால் சுமையைக் குறைத்தால் தணியும். ஒரே புள்ளியில், விரல் நுனி அளவில், குத்துவது போல் வலித்து, இரவிலும் விடவில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பில் விரிசல் தொடங்குவதன் அடையாளமாக இருக்கலாம்.

எடைத்தூக்கி

நல்ல பதிவு. ரோ, புல் அப் விஷயத்தில் முழு ஆதரவு. வலுப் பயிற்சி வாரம் இரண்டு நாள் போதும் புதுக்கையுறை: ஸ்குவாட், ஒற்றைக்கால் லஞ்ச், புஷ் அப், ரோ, பிளாங்க். குத்தின் பலம் தரையிலிருந்து கால், இடுப்பு வழியாகத்தான் மேலே வருகிறது, கால் வலுவாக இருக்கவேண்டும். பளு தூக்கிய கையோடு நேராகப் பைக்குப் போகாதீர்கள். ஒரே நாளில் இரண்டும் செய்தாக வேண்டும் என்றால் குத்துச்சண்டை முதலில். இடைவெளிப் பயிற்சி வேண்டும் என்பதில் நான் மாறவில்லை, ஒரு மாதம் தள்ளிப்போவதில் எனக்கு வருத்தமும் இல்லை.

புதுக்கையுறை

இவ்வளவு விவரமாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. டம்பெல் ஓரங்கட்டப்பட்டது. பட்டையை எலும்பும்நரம்பும் அக்கா சொன்னபடி விரலை விரித்துக் கட்டிப் பார்த்தேன், கையுறைக்குள் கை நகரவே இல்லை.

சோதனையும் செய்தேன். விரல் மூடாமல் மூன்று நிமிடம் நன்றாகவே முடிகிறது, பேசிக்கொண்டே செய்யலாம். பைக்கு முன்னால் போய் நின்றதும் பல்லைக் கடிக்கிறேன் என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்தப் பெரியவரையும் கவனித்தேன். குத்து விடாத நேரத்தில் அவர் தோள் தொங்கியே இருக்கிறது, கை மட்டும் மேலே இருக்கிறது, முழங்கை விலாவில் ஒட்டியிருக்கிறது.

இரண்டு கேள்வி மிச்சம். வயது 31-இல் தொடங்குவது தாமதமா? ஸ்பாரிங் எப்போது?

இடதுகைக்காரன்

வயதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. ஃபோர்மன் பெயர் மேலே வந்ததே, அவரே 1994-இல் 45 வயதில் மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் வீழ்த்தி உலகப் பட்டத்தைத் திரும்பப் பிடித்தார். ஸ்பாரிங் சீக்கிரம் ஆரம்பித்துவிடுங்கள். நாலு அடி வாங்கினால்தான் பயம் போகும், தாடையும் பழகும்.

மூலைநாற்காலி

ஃபோர்மன் பதின்ம வயதிலேயே ஆடத் தொடங்கியவர், 1968-இல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். அவரை 31-இல் தொடங்கியவரோடு ஒப்பிட வேண்டாம். ஆனால் 31 தாமதமும் இல்லை. நீங்கள் கேட்டது பட்டம் இல்லை, நல்ல மூன்று ரவுண்ட். அது தாராளமாகக் கிடைக்கும். வயதுக்கு ஒரே சலுகை: ஓய்வு நாளை விட்டுக்கொடுக்காதீர்கள். வகுப்பு மூன்று நாள், ஓட்டம் இரண்டு நாள், வலுப் பயிற்சியில் ஒன்றை வகுப்பு நாளோடு, இன்னொன்றை ஓட்ட நாளோடு சேர்த்துவிட்டால் முழு ஓய்வுக்கு இரண்டு நாள் மிஞ்சும்.

தாடை பழகும் என்பதை மட்டும் விட முடியாது. தாடை பழகாது தம்பி. தோல் காய்க்கும், முட்டி காய்க்கும், மூளை காய்க்காது. குத்து வாங்கித் தள்ளாடி நடக்கும் முன்னாள் வீரர்களைப் பற்றி ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் எழுதியது 1928-இல். அன்றிலிருந்து தெரிந்த விஷயம் இது. தலைக்கவசம் போட்டுவிட்டால் போதும் என்ற எண்ணமும் வேண்டாம். அது புருவம் கிழிவதைக் குறைக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுத்துவிடாது.

என்னிடம் வருகிறவர்களை நான் இப்படித்தான் கொண்டுபோவேன். முதலில் எதிரில் ஆள் நின்று மெதுவாக ஜாப் விட, நீங்கள் தடுப்பதும் விலகுவதும் மட்டும். திருப்பி அடிக்கக் கூடாது. கண் மூடாமல், பின்னால் சாயாமல் அதைச் செய்ய வந்ததும் இருவருக்கும் ஜாப் மட்டும். பிறகு உடம்பில் மட்டும், தலையில் இல்லை. அதன் பிறகுதான் எல்லாக் குத்தும், அதுவும் தொடுகிற அளவில். 16 அவுன்ஸ் கையுறை, பல்லுக்கு அளவாக வார்த்த மவுத்கார்டு, இடுப்புக்குக் கீழே அடிபடாமல் காக்கும் கார்டு. எத்தனை மாதம் என்று கேட்டால் பொதுவாக மூன்றிலிருந்து ஆறு. ஆனால் நான் மாதத்தை எண்ணுவதில்லை. களைத்த நிலையிலும் கை தாடைக்குத் திரும்புகிறதா என்றுதான் பார்ப்பேன். உங்களுக்கு உடல்தகுதி ஸ்பாரிங்குக்கு முன்னால் வேண்டும் என்பதற்குக் காரணமே இதுதான். களைத்தவன் கையை இறக்குவான், இறக்கியவன் தலையில் வாங்குவான்.

யாராவது முதல் நாளே ஓர் அனுபவசாலியோடு உங்களை வளையத்துக்குள் தள்ளி "தாங்குறியா பார்ப்போம்" என்றால் பட்டையை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். அங்கே திரும்பப் போகாதீர்கள்.

எலும்பும்நரம்பும்

இதோடு சேர்த்து ஒன்று. அடி வாங்கிய பிறகு தலைவலி, குமட்டல், மங்கலான பார்வை, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், நடந்தது ஞாபகம் இல்லாமல் போவது, பேச்சில் தடுமாற்றம், இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஸ்பாரிங் முடிந்தது. "ஒரு ரவுண்ட் பார்த்துக்கொள்கிறேன்" என்பது கிடையாது. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை தலையில் அடிபடும் எதுவும் வேண்டாம். வலி ஏறிக்கொண்டே போனாலோ, வாந்தி தொடர்ந்தாலோ, தூக்கம் மிஞ்சி எழுப்பக் கஷ்டமாக இருந்தாலோ அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்ச்சி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மயக்கமே வராது.

கழுத்தை இப்போதே வளர்க்கத் தொடங்கலாம். தலையை உள்ளங்கையால் முன், பின், இரு பக்கம் தள்ளி, கழுத்து அசையாமல் எதிர்த்து நிற்பது. ஒவ்வொரு பக்கமும் பத்து விநாடி. தலையால் தரையில் பாலம் போடும் பயிற்சியைப் புதியவர்கள் செய்ய வேண்டாம்.

இடதுகைக்காரன்

சரிங்க, தாடை விஷயம் புரிந்தது. கழுத்துப் பயிற்சியை நானும் சேர்த்துக்கொள்கிறேன்.

புதுக்கையுறை

கடைசியாக ஒன்று ஐயா. அடுத்த வாரத்திலிருந்து பையில் என்ன செய்வது? இதுவரை போய் நின்று மணி அடிக்கும்வரை கண்டபடி அடித்துக்கொண்டிருந்தேன்.

மூலைநாற்காலி

நான்கு ரவுண்ட், இரண்டு இரண்டு நிமிடம். முதல் ரவுண்ட் ஜாப் மட்டும். ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு காலடி, ஒரு 'ஸ்'. இரண்டாவது ரவுண்ட் ஜாபும் கிராஸும் (பின்னால் இருக்கும் கையால் விடும் நேர்க்குத்து). கிராஸ் விடும்போது பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்பித் திரும்ப வேண்டும். குதிகால் ஒட்டியே இருந்தால் இடுப்பு திரும்பாது, அப்போது முழு வேலையும் தோள் தலையில் விழும். உங்கள் தோள் எரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், பக்கவாட்டில் கைபேசியை வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். மூன்றாவது ரவுண்டில் சேர்க்கை முடிந்ததும் ஒரு அடி பக்கவாட்டில் நகருங்கள், பைக்கு நேர் முன்னால் நிற்காதீர்கள். நான்காவது ரவுண்ட் மறுபடி ஜாப் மட்டும், பாதிப் பலத்தில். களைப்பில் வடிவம் நிற்கிறதா என்று பார்க்கத்தான் அது.

அடிக்கும்போது பையையும் கவனியுங்கள். பை பெரிதாக ஊசலாடினால் நீங்கள் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள். குத்து பட்டதும் கை திரும்பிவிட்டால் பை இருந்த இடத்திலேயே வெடுக்கென்று அதிரும், சத்தமும் மாறும். அந்தச் சத்தம் நான்காவது ரவுண்டின் கடைசி அரை நிமிடத்திலும் வர ஆரம்பித்ததும் மூன்று நிமிடத்துக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். எடைத்தூக்கியின் 30 விநாடிப் பயிற்சியையும் அப்போது வாரம் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளலாம்.